எல்.பி. காலத்து ராக் ஆல்பங்கள்: அன்று ஏமாற்றியவை இன்று எப்படி ஒலிக்கின்றன?

கருந்தட்டு எழுதியது:

1970களின் ராக் ஆல்பங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் பாடல்களை எண்ணித்தான் ஆல்பத்தை எடை போடுகிறோம். பத்துப் பாட்டில் ஏழு தேறினால் அருமை, மூன்று தேறினால் ஏமாற்றம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். எல்.பி.க்கு, அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்துக் கலைஞர்கள் பக்கம் பக்கமாகத்தான் ஆல்பத்தை அமைத்தார்கள். வாங்கியவர்களும் பக்கம் பக்கமாகத்தான் கேட்டார்கள். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில், ஒலி கெடாமல், ஏறத்தாழ 20 முதல் 22 நிமிட இசை அடங்கும். அது முடிந்ததும் கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியும் ஆல்பத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) முதல் பக்கம், கிளேர் டோரியின் சொல்லற்ற குரல் மெல்லத் தணிந்து அடங்குவதோடு முடிகிறது. இரண்டாம் பக்கம் கல்லாப் பெட்டியும் நாணயங்களும் எழுப்பும் ஓசையோடு தொடங்குகிறது. சி.டி.யில் ஒன்றையடுத்து உடனே மற்றொன்று வந்துவிடுவதால், அந்த அழுகைக்கும் இந்தச் சில்லறைச் சத்தத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய அமைதி காணாமல் போய்விடுகிறது.

பக்க நீளம் ஒரு ஆல்பத்தை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) நல்ல சான்று. குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' மிகச் சிறந்த பாட்டு. ஆனாலும் நீளம் மிகுதி என்ற காரணத்தால் அது ஆல்பத்திலிருந்து எடுக்கப்பட்டு, 'கோ யுவர் ஓன் வே' பாட்டுக்காக வந்த சிங்கிள் என்ற சிறு தட்டின் பின்பக்கத்துக்குப் போயிற்று. அதன் இடத்தில் அவருடைய சிறிய பாட்டு ஒன்று சேர்க்கப்பட்டது. நிக்ஸுக்கு அது நெடுநாள் ஆறாத புண்ணாக இருந்தது. 20 ஆண்டுகள் கழித்து, 1997இல் 'தி டான்ஸ்' மேடையில் குழுவின் கிதார் கலைஞரும் தம் முன்னாள் காதலருமான லிண்ட்சி பக்கிங்ஹாமின் முகத்தை நேராகப் பார்த்தபடி அவர் அதைப் பாடிய பிறகுதான் அந்தப் பாட்டு உரிய இடத்தைப் பெற்றது. அத்தனை வருத்தத்தையும் மீறிச் சொல்கிறேன்: 'ரூமர்ஸ்' இவ்வளவு இறுக்கமான ஆல்பமாக அமைந்ததற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

இனி ஏமாற்றத்துக்கு வருகிறேன். இந்தக் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்ளும் வழியாக வந்ததுதான் இரட்டைத் தட்டு. ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் சரக்கு வைத்திருந்த பல குழுக்கள் நான்கு பக்கங்களை இழுத்து நிரப்பின. யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973) அவற்றில் முதன்மையானது என்பேன். 1972இல் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. அதில் ஒரு நொடிகூட மிகையில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று நான்கு பாட்டுகளில் 80 நிமிடங்களைக் கடந்தார்கள். இங்கிலாந்தில் முன்பதிவிலேயே தங்கத் தட்டுக்குரிய விற்பனையை எட்டி, முதலிடத்தையும் பிடித்த ஆல்பம் அது. அண்மையில் மீண்டும் முழுமையாகக் கேட்டேன். முதல் பக்கமும் நான்காம் பக்கமும் நிற்கின்றன. நடுவில் இருக்கும் 40 நிமிடங்களில் பாதியை நீக்கியிருந்தால் ஆல்பம் உயர்ந்திருக்கும் என்றே தோன்றியது.

நண்பர்கள் தங்களை ஏமாற்றிய இரட்டைத் தட்டுகளைப் பக்கவாரியாக மீண்டும் கேட்டு எழுதினால் மகிழ்வேன்.

ஊசிமுனை எழுதியது:

கருந்தட்டு அவர்கள் சொன்ன 20 நிமிடக் கணக்கின் பின்னணியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. ஆனால் ஊசிக்கு அடியில், ஒலி பதிந்த பள்ளமான தடம் ஓடும் வேகம் அப்படி மாறாமல் இருப்பதில்லை. வெளி விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. தடம் ஓடுகிறது; பக்கத்தின் முடிவில், தட்டின் நடுவே ஒட்டிய காகித வில்லைக்கு அருகே, அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதாவது, முதல் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் பாதிக்கும் குறைவான இடத்தில் கடைசிப் பாட்டு தன் ஒலியை எழுதிக்கொள்ள வேண்டும். உயர் ஒலிகளும், பாடகரின் 'ஸ' ஓசைகளும் அங்கே கரகரப்பதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் பலரும் ஆரவாரமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் மென்மையான பாட்டை முடிவிலும் வைத்தார்கள். அது கேட்பவரின் மனநிலையை மட்டும் எண்ணிச் செய்த ஏற்பாடு அல்ல.

பக்கம் நீண்டால் தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால், அகலமாக அசையும் பாஸ் எனும் கனத்த அடியொலியைக் குறைத்தாக வேண்டும். மொத்த ஒலி அளவையும் தாழ்த்தியாக வேண்டும். ஒலி தாழ்ந்தால் தட்டின் இயல்பான இரைச்சல் மேலே தெரியும். அமெரிக்க ராக் கலைஞர் டாட் ரண்ட்கிரென் 1975இல் வெளியிட்ட 'இனிஷியேஷன்' இதற்கு எல்லைக்கோடு. ஒரே தட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசையை அடைத்தார். இரண்டாம் பக்கம் மட்டுமே 35 நிமிடங்களைத் தாண்டும். ஊசி தேய்ந்திருந்தால் தட்டு உடனே கெட்டுவிடும் என்றும், ஒலி போதாவிட்டால் டேப்பில் பதிந்து கேளுங்கள் என்றும் உறையிலேயே எச்சரிக்கை அச்சிட்டார்கள். அந்தப் பக்கத்தின் கருவியிசை எனக்குப் பிடித்தமானது. ஆனால் தட்டில் அது ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோலத்தான் கேட்கிறது. என்னைப் பொறுத்தவரை ஏமாற்றம் என்றால் இதுதான்: நல்ல இசை, அதைத் தாங்க முடியாத தட்டு.

எனவே இரட்டைத் தட்டுகளைப் பேராசை என்று மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரண்ட்கிரென் இதையே இரண்டு தட்டுகளில் வெளியிட்டிருந்தால் நாம் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

நீலமலை எழுதியது:

'டேல்ஸ்' பற்றிய தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்த ஆல்பம் என்னவாக இருக்க முயன்றது என்பதை வைத்து அதைக் கேட்க வேண்டும்.

அதன் வித்து நம் நாட்டிலிருந்து போனது என்பதால் நம் வாசகர்களுக்கு அதில் தனி அக்கறை இருக்க இடமுண்டு. 1973 மார்ச்சில், யெஸ் குழுவின் முன்னாள் டிரம் கலைஞர் பில் ப்ரூஃபோர்டின் திருமண வரவேற்பில், கிங் கிரிம்சன் குழுவின் தாளக் கலைஞர் ஜேமி மியூர், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் பற்றி யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் எடுத்துச் சொன்னார். அந்த நூலின் அடிக்குறிப்பு ஒன்று சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திரங்களை நான்காக வகுத்துச் சொல்கிறது. அந்த நான்கையே நான்கு பக்கங்களாக ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவும் வகுத்தார்கள். ஆகவே நான்கு பக்கம் என்பது சரக்கை வைத்துக்கொண்டு பின்னால் போட்ட கணக்கில்லை. கருவிலேயே இருந்த அமைப்பு. அதில் இந்திய இசையைத் தேடிப் போகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ராகங்களில் அமைந்த இசை அங்கே இல்லை. அது அந்த ஆல்பத்தின் நேர்மை என்றே நான் கருதுகிறேன். அந்த ஆண்டுகளில் சிதார் ஒலியை ஊறுகாய்போலத் தொட்டுக்கொண்ட எத்தனையோ தட்டுகளைவிட, ஓர் எண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தன் சொந்த இசைமொழியில் பேசிய இந்தத் தட்டு மதிப்புக்குரியது.

கருந்தட்டு அவர்கள் வெட்டச் சொல்லும் நடு 40 நிமிடங்களில்தான் மூன்றாம் பக்கமான 'தி ஏன்ஷியன்ட்' இருக்கிறது. அதன் முதல் பாதி கரடுமுரடானது. ஹவின் ஸ்டீல் கிதாரும் ஆலன் ஒயிட்டின் தாளமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அந்த மோதல் ஓய்ந்து, தனியாக ஒலிக்கும் நைலான் நரம்புக் கிதார் தொடங்கி, அதன்மேல் ஆண்டர்சனின் குரல் வந்து அமரும் அந்த ஐந்தாறு நிமிடங்கள் ('லீவ்ஸ் ஆஃப் கிரீன்' பகுதி) யெஸ் செய்தவற்றுள் மிக அழகானவை. முன்னால் இருக்கும் கரடுமுரடை வெட்டி எறிந்துவிட்டு இதை மட்டும் கேட்டால் இனிய கிதார் பாட்டு ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். அந்தக் கரடுமுரடைக் கடந்து வந்தவருக்குத்தான் அது நிழலாகிறது.

வடகரை எழுதியது:

நீலமலை அவர்களே, கரு உயர்ந்தது என்பதில் மறுப்பில்லை. ஆனால் குழுவுக்குள்ளேயே கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அதை நம்பவில்லையே. சரக்கு இழுத்து நிரப்பப்பட்டது என்ற கருத்தை அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் இந்த ஆல்பத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு வேலை இல்லாத நீண்ட பகுதியில் மேடையிலேயே கறிச் சாப்பாட்டை வரவழைத்துக் கீபோர்டின் மேல் வைத்துச் சாப்பிட்டார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. 1974இல் குழுவைவிட்டே விலகினார். ஐவரில் ஒருவருக்கு இவ்வளவு நேரம் சும்மா இருக்க முடிந்தது என்றால், அந்தப் பக்கங்களின் அமைப்பில் குறை இருக்கிறது என்றுதானே பொருள்?

பதிவின்போது மார்கன் ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கட்டுகளையும் அட்டையில் செய்த பசுவையும் கொண்டுவந்து வைத்தார்களாம். கிராமத்துக்குப் போய்ப் பதியலாம் என்ற ஆண்டர்சனின் விருப்பத்துக்கும் நகரத்தில் பதிய வேண்டும் என்ற வேறு சிலரின் எண்ணத்துக்கும் இடைப்பட்ட சமாதானம் அது. ஒன்றுபட்ட மனதோடு செய்யப்பட்ட ஆல்பமாக எனக்கு இது ஒலிக்காததற்கு அங்கேயே காரணம் கிடைக்கிறது.

தாழ்வாரம் எழுதியது:

இரட்டைத் தட்டிலிருந்து சற்று விலகினாலும், பக்கவாரியாகக் கேட்க வேண்டும் என்ற கருத்துக்கு வலு சேர்க்கும் ஆல்பம் என்பதால் லெட் செப்பலினின் மூன்றாவது ஆல்பத்தை (1970) இங்கே வைக்கிறேன். முதல் இரண்டு ஆல்பங்களின் இடிமுழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாக அமைந்தது. அக்குஸ்டிக் (மின்னிணைப்பு இல்லாத) கிதார்களைக் கேட்ட விமர்சகர்கள், கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் குழுவைப் பார்த்துச் செய்தது என்று எழுதினார்கள். வேல்ஸில், மின்சாரமே இல்லாத ஒரு குடிசையில் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் தங்கியிருந்தபோது இந்த ஆல்பத்தின் பல எண்ணங்கள் முளைத்தன. இரண்டாம் பக்கம் அந்தக் குடிசையின் வாசத்தோடுதான் இருக்கிறது.

இந்த ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாகக் கலைத்துக் கேட்டால் எதையும் முடிவு செய்யாத ஆல்பம்போலத் தோன்றும். பக்கமாகக் கேட்டால் அமைப்பு துலங்கும். முதல் பக்கம் 'இமிக்ரன்ட் சாங்' என்ற போர்க்கூச்சலில் தொடங்குகிறது. உடனே 'ஃப்ரண்ட்ஸ்' என்ற அக்குஸ்டிக் பாட்டு வந்து, வரப்போவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. பின்பு 'சின்ஸ் ஐ'வ் பீன் லவ்விங் யூ' வருகிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள்: ஜான் போனமின் பாஸ் டிரம் பெடல், எண்ணெய் காணாத கதவுக் கீல்போல, ஏழு நிமிடமும் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அதை யாரும் நீக்கவில்லை. அவ்வளவு கனமான மின்னிசைப் பாட்டில் ஒரு மனிதனின் பாதம் அசைவது கேட்கிறது என்பதே, தட்டைத் திருப்பினால் வரப்போகும் குடிசை இசைக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்று எனக்குப் படுகிறது.

இந்தியத் தொடர்பைப் பற்றி நீலமலை அவர்கள் பேசியதால் ஒன்று சேர்க்கிறேன். பேஜும் பிளான்ட்டும் 1972இல் பம்பாயில் உள்ளூர் இசைக்கலைஞர்களோடு 'ஃப்ரண்ட்ஸ்' பாட்டை மீண்டும் பதிந்தார்கள். அது அதிகாரபூர்வமாக வெளிவரவே 2015 ஆயிற்று. அதைக் கேட்டால், முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டாக ஓரம் ஒதுங்கியிருந்த அந்தப் பாட்டைத்தான் அவர்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பது விளங்கும்.

மேளக்காரன் எழுதியது:

ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' (1970) மூன்று தட்டுகள் கொண்டது. மூன்றாவது தட்டில் இருப்பவை நண்பர்கள் கூடி, முன்திட்டமின்றி வாசித்த நீண்ட ஜாம்கள். அவற்றை நான் கேட்பதில்லை. முதல் இரண்டு தட்டுகள் என் உயிர். ஹாரிசனே மூன்றாவதற்கு 'ஆப்பிள் ஜாம்' என்று தனிப்பெயரிட்டுத் தனி வில்லை ஒட்டிப் பிரித்து வைத்துவிட்டதால், எனக்கு அதில் ஏமாற்றமும் இல்லை.

கருந்தட்டு எழுதியது:

வடகரை அவர்கள் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் குழுவுக்குள் ஒற்றுமை இல்லாததை ஆல்பத்தின் குறையாகக் கொள்ள முடியாது. 'ரூமர்ஸ்' பதிவானபோது ஃப்ளீட்வுட் மேக்கில் இரண்டு இணைகள் பிரிந்துகொண்டிருந்தன. அந்தப் பிளவே அதன் இசையாயிற்று.

அதே குழுவின் 'டஸ்க்' (1979) ஆல்பத்தை நான் இன்னும் எடுத்துவைக்கவில்லை. 10 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டுச் செய்த இரட்டைத் தட்டு. 'ரூமர்ஸ்' விற்றதில் ஒரு பங்குதான் விற்றது. அதனாலேயே தோல்வி என்று பெயர் பெற்றது. அதன் மீதான குற்றச்சாட்டும் நான் 'டேல்ஸ்' மீது வைத்ததைப் போன்றதே: ஒரு தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்பது. இதை மட்டும் நான் முற்றாக மறுக்கிறேன்.

20 பாட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்துக்குச் சரியாக ஐந்து. லிண்ட்சி பக்கிங்ஹாம் ஒன்பது, கிறிஸ்டின் மெக்வீ ஆறு, ஸ்டீவி நிக்ஸ் ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள். பக்கிங்ஹாமின் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களில் பதறி ஓடுபவை. டிரம்ஸுக்குப் பதில் எதையோ தட்டியதுபோன்ற ஒலி, தொண்டை கட்டியதுபோன்ற குரல். அவற்றை மட்டும் ஒன்றாகக் கேட்டால் தாங்காது. மற்ற இருவரின் பாட்டுகளை மட்டும் கேட்டால் 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் எச்சம்போல இருக்கும். மூவரையும் மாற்றி மாற்றி அடுக்கியதில்தான் ஆல்பம் உயிர்பெறுகிறது. முதல் பக்கத்தையே பாருங்கள்: மெக்வீயின் 'ஓவர் அண்ட் ஓவர்' சோர்ந்த மாலைபோல விரிகிறது; அது அடங்கும் முன்பே 'தி லெட்ஜ்' வந்து நாற்காலியைத் தட்டிவிடுகிறது; மீண்டும் மெக்வீ; மீண்டும் பக்கிங்ஹாம்; கடைசியில் ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் நிக்ஸின் 'சாரா'. மென்மையான பாட்டு பக்கத்தின் முடிவில், ஊசிமுனை அவர்கள் சொன்ன அந்தக் குறுகிய தடத்தில் வருகிறது. கரகரப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

ஒரே தட்டாகச் சுருக்கியிருந்தால் முதலில் பலியாகியிருப்பவை 'தி லெட்ஜ்', 'நாட் தட் ஃபன்னி' போன்ற பாட்டுகள். மிஞ்சுவது இரண்டாவது 'ரூமர்ஸ்', விற்றிருக்கும், ஆனால் இன்று நாம் அதைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

நீலமலை எழுதியது:

மூன்றாம் பக்கத்தின் முதல் பாதி இல்லாமல் 'லீவ்ஸ் ஆஃப் கிரீன்' சிறக்காது என்று நான் சொன்னதும், 'தி லெட்ஜ்' இல்லாமல் 'சாரா' சிறக்காது என்று தாங்கள் சொல்வதும் ஒன்றுதானே, கருந்தட்டு அவர்களே?

கருந்தட்டு எழுதியது:

ஒன்றில்லை என்பதே என் பதில். 'தி லெட்ஜ்' இரண்டு நிமிடத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுகிறது. 'தி ஏன்ஷியன்ட்' அதே வேலைக்கு 12 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கரடுமுரடு வேண்டும் என்பதில் எனக்கும் தங்களுக்கும் வேறுபாடு இல்லை, அளவில்தான் வேறுபடுகிறோம்.

தாழ்வாரம் எழுதியது:

இந்த அளவுக் கேள்விக்கு ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972) வேறொரு விடை தருகிறது என்று நினைக்கிறேன். 18 பாட்டுகள், எதுவும் அளவுக்கு மீறி நீளவில்லை. வரிச்சுமைக்கு அஞ்சி இங்கிலாந்தைவிட்டுப் போன குழு, தெற்கு பிரான்சில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த நெல்கோட் மாளிகையின் நிலவறையில், வெளியே நிறுத்திய பதிவு வண்டியோடு கம்பிகளை இணைத்துப் பதிந்தது. நிலவறையின் வெக்கையில் கிதார்களின் சுருதி நிற்கவில்லை. காற்றோட்டம் இல்லாத கொடுமை 'வென்டிலேட்டர் புளூஸ்' என்று ஒரு பாட்டின் பெயராகவே ஆகிவிட்டது. மிக் ஜாகரின் குரல் பல இடங்களில் கருவிகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பு கலவையாக இருந்ததற்கு அந்தக் கலங்கலான ஒலியும் ஒரு காரணம்.

இதையும் ஒரு தட்டாகச் சுருக்கலாம் என்பவர்களிடம் இரண்டாம் பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்கச் சொல்வேன். 'ஸ்வீட் வர்ஜினியா' தொடங்கி 'லவ்விங் கப்' வரை நான்கே பாட்டுகள். கன்ட்ரி, அக்குஸ்டிக், கோயில் வாசலை எட்டிப் பார்க்கும் பியானோ. முதல் பக்கத்தின் வியர்வைக்குப் பிறகு குழு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து வானொலிக்கென்று ஒன்றைப் பொறுக்கி எடுப்பது கடினம். சுருக்கியிருந்தால் முதலில் போவது இதுதான். ஆனால் எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பக்கம் எது என்றால் இதையே சொல்வேன்.

தஞ்சை வாசகி எழுதியது:

வணக்கம். நான் இந்த ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே கேட்டு வளர்ந்தவள். என்னிடம் ரெக்கார்ட் பிளேயர் இல்லை. வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. 'டஸ்க்' ஒருமுறை தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். 20 பாட்டும் ஒரே நீளமாக வந்து களைப்பூட்டியது. பக்கவாரியாகக் கேட்க என்ன செய்வது, எந்தப் பதிப்பைக் கேட்பது என்று பெரியவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிமுனை எழுதியது:

அதற்குத் தட்டே தேவையில்லை, அம்மா. 'டஸ்க்' ஆல்பத்தில் ஐந்து பாட்டுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். 'சாரா' முடிந்ததும் ஒரு நிறுத்தம். 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி மூன்' முடிந்ததும் ஒரு நிறுத்தம். 'ஐ நோ ஐ'ம் நாட் ராங்' முடிந்ததும் ஒரு நிறுத்தம். ஒரே நாளில் நான்கையும் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்று தட்டை வாங்கியவர்களில் பலர், பிடித்த ஒரு பக்கத்தை மட்டும் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். தங்களுக்கு நான் நான்காம் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதில்தான் பல்கலைக்கழக அணிவகுப்பு வாத்தியக் குழுவை பேஸ்பால் மைதானத்தில் நிறுத்திப் பதிந்த 'டஸ்க்' பாட்டு இருக்கிறது; அத்தனை ஊதுகுழல்களும் ஓய்ந்ததும் மெக்வீயின் எளிய பாட்டு ஒன்று வந்து ஆல்பத்தை முடித்துவைக்கிறது.

பதிப்பைப் பொறுத்தவரை ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 1987இல் வந்த முதல் சி.டி.யில், முழு ஆல்பத்தையும் ஒரே வட்டில் அடக்குவதற்காக 'சாரா' பாட்டை ஏறத்தாழ இரண்டு நிமிடம் வெட்டிவிட்டார்கள். தாங்கள் கேட்பதில் அந்தப் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது முழுமையானது. நான்கரை நிமிடத்தில் முடிந்துவிட்டால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.